சர்வாயுதபாணி

பாலாற்றங்கரையில் தோல் பதனிட்டும் பாதரட்சை தைத்தும் சீமைக்கெல்லாம் அனுப்பிவரும் ஆம்பூரில், பழைய மடக்குக் கருவிகளைச் சேகரிப்பதையே ஜன்ம சாபல்யமாகக் கருதும் நண்பர் ஒருவர் எனக்குண்டு. 1897-இல் காப்புரிமை பெற்ற சுவிஸ் அதிகாரிகள் கத்தியை 2022-இல் 9,999 பிரதிகளாக மறுபிறவி எடுக்கச் செய்தார்களே, அவற்றுள் ஒன்று கைக்கு வந்த அன்று அவர் பிரியாணியைக்கூட மறந்தார். புட்டியின் தக்கையைப் பிடுங்கும் அதன் திருகைப் பற்றி, மதுவின் வாசனையே அறியாத அவர் செய்யும் பிரசங்கம் தனி வைபவம். 1983-இல் வெளிவந்த லெதர்மேன் என்னும் மடக்குக் கருவி, படைத்தவரின் குடும்பப் பெயரைத் தாங்கிய வெறும் எஃகுதான் என்றாலும், 'தோல்காரன் என்றால் நம்மூர்க்காரன்தானே' என்று உரிமை கொண்டாடுவார்.

சென்ற வாரம் அவருடைய லெதர்மேனின் தோலுறையில் தையல் விட்டுப்போயிற்று. மேசை நிறைய ஆயுதங்கள் இருந்தும், விரித்தால் கீறல் விழும், கீறல் விழுந்தால் மதிப்புக் குறையும் என்ற பேரச்சத்தால், தெருமுனையில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் அதைக் கொண்டுசென்றார். அவர் பிடி தேய்ந்த ஒற்றைக் குத்தூசியால் இரண்டு நிமிஷத்தில் தைத்துக் கொடுத்துக் கூலி கேட்டார்.

நண்பரின் கண் ஊசிமேல் இருந்தது.

"பெரியவரே, இது எத்தனை வருஷத்துப் பழசு?" என்றார், விலை பேசும் குரலில்.