கார் ஷெட்டுச் சுவர் நூற்பா விளக்கம்

வீட்டுக்கும் கார் ஷெட்டுக்கும் நடுவே நிற்பது வீட்டுச் சுவரா, ஷெட்டுச் சுவரா என்பது முதல் ஐயம். ஷெட்டுச் சுவரே என்பார் எங்கள் கொத்தனார். என்னை? அந்தப் பக்கம் அவர் பூசாமல் விட்டமையின் என்க.

ஆய்வுக்களம் கடலூர் மஞ்சக்குப்பம். மேற்கே 9 அங்குலச் செங்கல் சுவர். அப்பால் தகர ஷெட், இப்பால் அடுப்படி. (தகரத்துக்கு முன் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அதை அடுத்த தெருவுக்கு இடமாற்றம் செய்தது.) அக்கினி நட்சத்திரத்தில் சுவர் வழியாகச் சூடு இறங்குகிறது என்பது புகார். வெப்பமானி இல்லாமையால் இட்லி மாவைக் கருவியாகக் கொண்டேன். ஒரு சட்டி சுவரோரம், ஒன்று பூஜை அறையில். மதியம் இரண்டு மணிக்குச் சுவரோரத்து மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையில் வழிந்து, கடுகு டப்பாவைத் தொட்டிருந்தது. பூஜை அறை மாவில் ஒரு குமிழிகூட இல்லை. தேற்றம் நிறுவப்பட்டது.

தெர்மாகோல் ஒட்டலாம் என்றான் தம்பி. 2017இல் நீர் ஆவியாகாமல் தடுக்க வைகை அணையில் மிதக்கவிட்ட நாள் முதல் அப்பொருளைத் தமிழர் சிரிக்காமல் உச்சரிப்பதில்லை. அது பொருளின் குற்றமன்று. அதில் 98 விழுக்காடு காற்று. அசையாத அந்தக் காற்றால்தான் அது செங்கல்லைவிட ஏறக்குறைய 20 மடங்கு குறைவாகச் சூட்டைக் கடத்துகிறது. ஆனால் தீப்பட்டால் உருகிச் சொட்டி எரியும். பெட்ரோல் வண்டி நிற்கும் இடத்தில் அதைத் திறந்தபடி ஒட்டுவது மடமை.

சிதம்பரத்துச் சித்தப்பாவை நடுவராக அழைத்தோம். "காத்துதான் தடுக்குதுன்னா, காத்தைக் காசு குடுத்து வாங்குவியாடா?" என்றார். ஆகாயத் தலத்துக்காரர்; திரைக்குப் பின்னே வெட்டவெளியில் தொங்கும் பொன் வில்வமாலையைப் பார்த்து வளர்ந்தவர். வெற்றிடம் பற்றி அவரோடு வாதிட முடியாது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டுமானமும் இதே ரகசியம்தான்: செங்கல்லை நிறுத்திவைத்து நடுவில் பொந்து விடுவது. கட்டி முடித்த சுவருக்கு அது உதவாது.

சித்தப்பா சுவரில் உள்ளங்கையை வைத்தார். அப்புறம் ஸ்டூலில் ஏறிக் கூரையைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். "செவுத்துல வெயிலே படலை, ஷெட்டு மறைக்குது. மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடி."

"அப்போ மாவு?" என்றேன்.

அம்மா மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "செவுத்தோரம் இருந்தது நேத்து ஆட்டினதுடா."