பாம்புக் கல்

2006-இல் அரசு இலவச கலர் டிவி கொடுக்கத் தொடங்கியதும், மறு வருஷமே சுட்டி டிவி வந்ததும், அதில் ஜாக்கி சான் கார்ட்டூன் தமிழ் பேசியதும் எங்கள் தெருவுக்கு அடுத்தடுத்து அடித்த யோகங்கள். 2000 முதல் 2005 வரை அமெரிக்காவில் 95 பாகங்களாக ஓடி முடிந்த தொடர் அது என்று யாருக்குத் தெரியும்? தென்காசிக் கோபுரத்துக்கு இந்தப் பக்கம் வளர்ந்த எங்களுக்கு ஜாக்கி, ஜேட், ஆஜானுபாகுவான டோரு, அந்த மந்திரக் கிழவர் எல்லோரும் அன்றைக்குத்தான் பிறந்தவர்கள்.

கதையில் சீன ராசி விலங்குகள் பொறித்த 12 எண்கோணக் கற்கள் வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சக்தி. நாங்கள் அவற்றைச் சிற்றாற்றில் பொறுக்கினோம். குற்றாலத்துத் தண்ணீர் இழைத்து அனுப்பிய கூழாங்கல்லில் ஸ்கெட்ச் பேனாவால் சேவலும் முயலும் வரைந்து, சாரலில் அழியாமலிருக்க மேலே செல்லோ டேப் சுற்றி, கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வோம். புலிக் கல்லை மட்டும் புலியருவியில்தான் எடுக்க வேண்டும். குளிக்கக் கூட்டிப்போகும் மாமாவுக்கு அந்தச் சட்டம் தெரியாது. முயல் வேகம் தரும், அதற்குத்தான் அடிபிடி. பாம்புக் கல் ஆளை மறைக்கும். அதை வைத்திருப்பவன் எதிரே வந்தாலும் கண்ணில் படாததுபோல அத்தனை பேரும் திரும்பி நிற்போம். அவ்வளவு நாணயமான ஆட்டம்.

தொடர் ஓடும் நேரம் பார்த்துக் கரண்ட் போகும். மறுநாள் "ஏலே, பொறவு என்ன ஆச்சி?" என்று மொய்க்கும்போது, கரண்ட் போகாத தெருக்காரன்தான் ராஜா. கிழவரைப் போல இரண்டு விரலால் நெற்றியில் தட்டி, அவர் கையிலிருக்கும் காய்ந்த பல்லிக்குப் பதில் முற்றிய முருங்கைக்காயை ஆட்டி, வாயில் நுழையாத மந்திரத்தை உருட்டி அவன் சொல்லச் சொல்ல, பார்க்காத பாகம் பார்த்ததைவிடப் பெரிதாகிவிடும். பிற்பாடு அப்படியொரு பாகத்தைப் போனில் தேடிப் பார்த்தேன். அவன் சொன்ன சண்டையில் பாதிகூட அதில் இல்லை. எனக்கு இன்றும் அவன் சொன்னதே கதை.

2019-இல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. இப்போது கரண்ட் போனாலும் போன் அணைவதில்லை. அந்தக் கார்ட்டூன் முகங்கள் மீம்களாகச் சுற்ற, 90ஸ் கிட்ஸ் என்று முன்பின் தெரியாதவர்களும் உறவு கொண்டாடுகிறார்கள். அதில் எனக்கு நிஜமான சந்தோஷம். அக்கா மகன் நருட்டோ கார்ட்டூன் ரசிகன். அதில் வரும் நெற்றிப்பட்டையை ஆன்லைனில் வாங்கிவிட்டான், ஆற்றில் இறங்கித் தேட ஒன்றுமில்லை. என்ன கதை என்று கேட்டால், "லிங்க் அனுப்புறேன் மாமா" என்றான். அதெல்லாம் வேண்டாம், நீயே சொல்லு என்று உட்கார்ந்தேன். போனைக் கட்டிலில் போட்டுவிட்டு, விரல்களால் முத்திரை பிடித்துக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தான். நிறையவே கூட்டித்தான் சொன்னான்.