கொரியரில் வந்த கீழாநெல்லி

வா தம்பி, உட்காரு. கொரியர்க்காரன் உன் வீட்டுக்கு வழி கேட்டு என் திண்ணையிலதான் நின்னான். டப்பா மேல பச்சை இலை, பக்கத்துல பிரேசில் கொடி, "கெப்ரா பெட்ரா டீ"ன்னு கொட்டை எழுத்து. கிட்னியில கல்லு சேராம இருக்க, கடல் தாண்டி வந்த தழை. விலையை மட்டும் சொல்லிடாத, இந்த வயசுல எனக்கு நெஞ்சு தாங்காது. நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கே, ஒரு சொம்பு தண்ணி குடிக்க நேரமில்லை. டீக்கு ஆர்டர் போடறதுக்காவது நேரம் கிடைச்சுதே, சந்தோஷம்.

சரி, பிரி. ஒரு காம்பை எடுத்து உள்ளங்கையில வை. ரெண்டு பக்கமும் பொடி இலை வரிசையா இருக்கா? இப்ப அடிப்பக்கம் திருப்பு. இலைக்குக் கீழ கடுகு மாதிரி காய் ஒண்ணொண்ணா தொங்குது பாரு. இந்தக் கீழாநெல்லியைத்தான் உங்க ஆயா வேரோட அரைச்சு, மோருல கலக்கி, உனக்குக் காமாலை கண்டப்ப மூக்கைப் பிடிச்சு ஊத்துனா. நீ பாதியைத் திண்ணையில துப்புன. அன்னிக்கு ஓசியில வந்துச்சு, கசந்துது. இன்னிக்குக் காசு குடுத்திருக்க, தித்திக்கும்.

ஏமாத்திட்டாங்கன்னு சண்டைக்குப் போயிடாத. அவங்க பொய் சொல்லல. பிரேசில்ல வீட்டுக்கு வீடு இதைக் காய்ச்சறது நெசம்தான். அந்த ஊரு அரசாங்கமே 2009ல 71 மூலிகைக்கு ஒரு பட்டியல் போட்டு, அதுல இந்தக் குடும்பத்துச் செடியையும் சேர்த்துச்சு. பிரேசில்காரன் காய்ச்சறது ஃபில்லாந்தஸ் நிரூரி, நம்ம வரப்புல மொளைக்கறது பெரும்பாலும் ஃபில்லாந்தஸ் அமாரஸ். அண்ணன் தம்பி ரெண்டும். இன்னொரு சேதி கேளு: ரெண்டுக்குமே பூர்வீகம் அமெரிக்கக் கண்டம்தானாம், செடி படிச்சவங்க சொல்றாங்க. ஆக, நீ ஆர்டர் போடறதுக்கு ரொம்ப காலம் முன்னாடியே சரக்கு நம்ம ஊரு கம்மாபுரத்துக்கு டெலிவரி ஆயிடுச்சு. கையெழுத்து வாங்கத்தான் ஆள் இல்லை.

முந்திரி மட்டும் என்னவாம்? போர்ச்சுகீசியன் பிரேசில்லேருந்து கோவாவுக்குக் கொண்டாந்தான், இன்னிக்குப் பண்ருட்டிக்காரன் அதைத் தன் பாட்டன் சொத்து மாதிரி பேசறான். மல்லாட்டை, அதான் நிலக்கடலை, அதுவும் தென்னமெரிக்காவுல பொறந்ததுதான். பிரேசில்காரன் முந்திரிப்பழத்தைப் பிழிஞ்சு, வடிகட்டி, காஜுவீனான்னு சீசாவுல அடைச்சு விக்கிறான். நாம கொட்டையைத் திருகிக்கிட்டுப் பழத்தை மரத்தடியிலயே விட்டுடறோம், ஈ மொய்க்குது. அதுவும் ஒரு நாள் டப்பாவுல வரும், நீ வாங்குவ.

கல்லைக் கரைக்குமான்னுதானே பாக்கறே? சாவோ பாவ்லோ டாக்டருங்க பல வருஷம் இதைச் சோதிச்சாங்க. கால்சியம் ஆக்சலேட் கல்லு வளர்றதை மட்டுப்படுத்துதுன்னு தெரிஞ்சுது. ஏற்கெனவே உள்ள உட்கார்ந்திருக்கிற பெரிய கல்லைத் தூளாக்கிடும்னு நிரூபணம் இல்லை. காமாலைக் கதையும் அப்படித்தான். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராஜனும், நோபல் வாங்குன பிளம்பர்க்கும் சேர்ந்து 1988ல லான்செட்டுங்கிற டாக்டருங்க பத்திரிகையில எழுதுனாங்க. காமாலையைக் கொண்டுவர்ற ஹெபடைட்டிஸ் பி கிருமி ஒட்டிக்கிட்டிருந்தவங்களுக்கு இந்தப் பொடியை 30 நாள் குடுத்தாங்க. சாப்பிட்ட 37 பேர்ல 22 பேருக்குக் கிருமியோட அடையாளம் ரத்தத்துல காணாமப் போச்சு. வெறும் மாத்திரை முழுங்குன 23 பேர்ல ஒருத்தருக்குத்தான் அப்படி. ஊரே ஆடிப்போச்சு. அப்புறம் தாய்லாந்துல சோதிச்சாங்க, அந்தப் பலன் வரல. அதனால கண்ணு மஞ்சளாச்சுன்னா மொதல்ல ரத்தம் குடுத்துப் பாரு. பித்தப்பைக் கல்லு குழாயை அடைச்சாலும் மஞ்சளாகும். அதுக்கு ஆயா மோரும் ஆகாது, பிரேசில் டீயும் ஆகாது.

காய்ச்சற பக்குவம் ஒண்ணும் ராஜ ரகசியம் இல்லை. செடியை வேரோட பிடுங்கி, மண்ணு போக நாலு தண்ணியில அலசு. நிழல்ல உலர்த்து, வெயில்ல போட்டா இலை உதிர்ந்து குச்சிதான் மிஞ்சும். ஒரு கரண்டி தழைக்கு ஒரு டம்ளர் கொதிச்ச தண்ணி ஊத்தி மூடி வை. பத்து நிமிஷம் கழிச்சு வடிகட்டு. சர்க்கரை போடறதா இருந்தா குடிக்காமலே இரு. கப்பு வேணும்னா விருத்தாசலம் பீங்கான் இருக்கு, அதுக்கும் சீனாவுக்கு ஆர்டர் போடாத.

கர்ப்பிணிங்களுக்கு மட்டும் குடுத்திடாத. சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை போடறவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடிக்கட்டும், இது ரெண்டையும் கொஞ்சம் எறக்குற சாமான். "இயற்கைதானே"ன்னு எங்கிட்ட வாதாடாத, அரளிவிதையும் இயற்கைதான். முக்கியமா, ரோட்டோரத்துலயும் களைக்கொல்லி அடிச்ச வயல்லயும் கை வைக்காத. நெய்வேலிப் பக்கம் லாரி புழுதி படிஞ்ச தழையை நீ எத்தனை தண்ணியில கழுவுவ?

சுத்தமான எடம் ஒண்ணு எனக்குத் தெரியும். என் மல்லாட்டைக் கொல்லை. களைக்கொல்லி வாங்க எனக்கு மனசு வராததால ஒரு சொட்டு விஷம் அங்க விழுந்ததில்லை, ஒண்ணரை ஏக்கருக்கும் கீழாநெல்லி மண்டிக் கெடக்கு. களை எடுக்க ஆள் கூப்பிட்டா இன்னிக்குக் கூலி என்னான்னு உனக்கே தெரியும். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு ஒரு சாக்கோட வந்துடு. கோரையும் அருகும் சேர்ந்து வந்தா அதையும் பிடுங்கி வரப்புல போடு, மாட்டுக்கு ஆகும். கீழாநெல்லி முழுக்க உனக்கே. காசு எதுவும் வேணாம், நீ எனக்குப் பேரன் முறைதானே.