காத்தை அளந்து அடை, மருமவனே

மருமவனே, 12 இஞ்ச் ஊஃபர் வாங்கிட்டியாம், 500 வாட்டு ஆம்ப்ளிபயர் வாங்கிட்டியாம், இனி டிக்கியில பைபர் பெட்டி ஒண்ணு நீயே செய்யப் போறியாம். ரொம்ப சந்தோசம். கார் தவணை மூணு மாசமாக் கட்டலேன்னு உங்கம்மா சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சு போனா. அது உன் காதுல விழலேன்னா, ஊஃபர் வரதுக்கு முன்னாலயே காது அடைச்சுப் போச்சுன்னு அர்த்தம். பரவாயில்லை, செலவுன்னு வந்தாச்சு, சரியாச் செய்.

நான் பைபர் வள்ளம் கட்டுத பட்டறையில கிடந்தவன். 2004 சுனாமிக்குப் பெறவு நம்ம கரையில கட்டுமரம் குறைஞ்சு பைபர் வள்ளம் பெருகுச்சுல்லா, அந்த நாள்ல ரெசின் வாடைக்கு நடுவுல சோறு தின்னவன். பாட்டைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. பைபரைப் பத்தித் தெரியும்.

கடையில சதுரமா ஒரு பலகைப் பெட்டி வாங்கி வச்சா ஒரு நாள் சோலி. பெறவு எதுக்குப் பைபர்? சக்கரத்துக்குப் பின்னால டிக்கி மூலையில கோணலும் மாணலுமா ஒரு பள்ளம் சும்மா கிடக்கு. பைபர் பெட்டி அந்தப் பள்ளத்தோட ஒட்டி உக்காரும், டிக்கித் தரை காலியாக் கிடக்கும். இந்த ஒரு விசயத்துல உன்னை மெச்சுதேன். எதுக்கு மெச்சுதேன்னு கடைசியில சொல்லுதேன்.

மூலை முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டு. அதுக்கு மேல அலுமினியத் தாள், அதுக்கு மேல மெழுகு. இதெல்லாம் கிழட்டுப் புத்தி, நேரா ரெசினைத் தடவுவேன்னா தடவு. பெறவு பெட்டிய வெளிய எடுக்கக் காரை அறுக்கணும், அவ்வளவுதான்.

சதுர மீட்டருக்கு 450 கிராம் வர்ற கண்ணாடி நார் மேட்டு வாங்கு. ரெண்டு அடுக்கு காருக்குள்ளயே போட்டு, இறுகினதும் கழட்டி, மீதி அடுக்கை வெளிய வச்சுப் போடு. ஒரு அடுக்கு காஞ்சா சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் நிக்கும். நமக்கு ஆறு மில்லியாவது வேணும். ரெண்டோட நிறுத்திட்டு மேல பளபளன்னு பெயிண்டு அடிச்சாலும் பாக்க லட்சணமாத்தான் இருக்கும். வால்யூமைத் திருப்பினா ஊஃபரோட சேந்து பெட்டியும் ஆடும். நீ துட்டு குடுத்தது ஊஃபர் ஆடுததுக்கு மட்டும்தானே?

ரெசினைத் தாராளமா ஊத்தினா பலம் கூடும்னு நினைப்பே. பலமெல்லாம் கண்ணாடி நாருலதான், ரெசின் அதைக் கட்டிப் பிடிச்சு நிறுத்தும். ஒரு கிலோ மேட்டுக்கு ரெண்டு, ரெண்டரைக் கிலோ ரெசின் போதும். அதுக்கு மேல போனா கனம் கூடும், விரிசலும் விடும். ரோலரை உருட்டி உள்ள இருக்க குமிழியை வெளிய தள்ளு.

அடுத்து சொல்லுததுல கேலி இல்லை, நல்லாக் கேட்டுக்கோ. ரெசினோட ரெண்டு பாட்டில் தருவான். ஊதாவா இருக்கது கோபால்ட், தண்ணியாட்டம் இருக்கது ஹார்டனர். ரெண்டையும் நேருக்கு நேர் கலந்திராத, தீப்பிடிக்கும், வெடிக்கும். முதல்ல கோபால்ட்டை ரெசின்ல போட்டு நல்லாக் கலக்கு. அது கலந்த பெறவுதான் ஹார்டனர். கிலோவுக்கு 10 கிராம்லேர்ந்து 20 கிராம், நம்ம வெயிலுக்கு 10 பக்கமே நில்லு. ஹார்டனர் கண்ணுல தெறிச்சா பார்வையே போயிரும், அதனால கண்ணாடி போட்டுத்தான் பாட்டிலைத் தொடணும். ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல கலக்காத. நீ அதைப் படம் பிடிச்சு ஸ்டேட்டஸ் வச்சு முடிக்கதுக்குள்ள மக்குக்குள்ளயே இறுகிப் புகைய ஆரம்பிச்சிரும்.

மாஸ்க்குன்னு சொன்னதும் கொரோனாவுக்கு வாங்கின துணியத் தேடாத. ஸ்டைரீன் ஆவிக்கு அது வேலி ஆகாது, கரி வடிப்பான் வச்சது வேணும். உப்புத்தாள் போடும்போது தூசி மாஸ்க்கும் முழுக்கைச் சட்டையும் கையுறையும் வேணும். இதெல்லாம் வேண்டாங்கியா? சரி, ராத்திரி பூரா சொறிஞ்சுக்கிட்டே பாட்டுக் கேளு, தாளம் தப்பாது.

முன்பக்கத்துக்கு 18 மில்லி எம்.டி.எஃப். பலகையில வளையம் அறுத்து, குச்சி குடுத்து நிறுத்து. அதுக்கு மேல துணிய விறைப்பா இழுத்து ஸ்டேப்ளர் அடிச்சு, ரெசின் ஊற விடு. இறுகினதும் உள்பக்கமா மேட்டு போடு. பட்டி பூசி, தேச்சு, பெயிண்டு அடிக்கது கடைசி. நீ அதைத்தான் முதல்ல யோசிச்சிருப்பே. கலர் என்னன்னு எனக்கே சொல்லிட்டியே!

வாட்டு எவ்வளவுன்னு ஊரு பூராச் சொன்ன நீ, பெட்டிக்குள்ள எத்தனை லிட்டர் காத்து இருக்கணும்னு கேட்டா ஏன் முழிக்கே? மூடின பெட்டியில காத்துதான் சுருள்வில்லு. ஊஃபர் உள்ள போனா காத்து நெருங்கி அதை வெளிய தள்ளும். அமெரிக்காவுல எட்கர் வில்ச்சர்னு ஒருத்தர் 1954-ல இந்தக் காத்து வில்லை வச்சே சின்னப் பெட்டியில அடித்தொண்டைச் சத்தத்தை எடுத்துக் காட்டினாராம், என் பேத்தி படிச்சுச் சொன்னா. இடம் குறைஞ்சா வில்லு விறைச்சுக்கிடும், அடிநாதம் போயி எல்லாப் பாட்டும் ஒரே 'டொம் டொம்' ஆயிரும். இடம் கூடினா வில்லு தொளதொளன்னு ஆகி, ஊஃபர் எல்லை தாண்டிக் குதிச்சு அடிபடும். உன் ஊஃபருக்கு எவ்வளவு வேணும்னு அட்டைப்பெட்டியோட வந்த தாள்ல போட்டிருக்கும். 12 இஞ்சுக்குப் பெரும்பாலும் ஒண்ணுலேர்ந்து ஒண்ணேகால் கன அடி, அதாவது 28 லிட்டர்லேர்ந்து 35 லிட்டர்.

கோணல் பெட்டிய அடிக்கோல் வச்சு அளக்க முடியாது. உள்ள ஒரு பிளாஸ்டிக் பையை மூலைமுடுக்கெல்லாம் படியிற மாதிரி விரி. ஊஃபர் வாய் வழியா அரிசியக் கொட்டி நிரப்பு. பெறவு லிட்டர் படியால அள்ளி எண்ணு. ஊஃபரோட காந்தமும் கூடும் உள்ள பிடிச்சுக்கிடுத இடத்தைக் கழி. அரிசி எதுக்குன்னு உங்கம்மாகிட்ட சொல்லிராத, காரோட சேத்து உன்னையும் வெளிய தள்ளிருவா. அளவு சரியா வந்தா இணைப்பெல்லாம் அடை. ஊசி முனை ஓட்டை இருந்தாலும் 'உஸ்'ஸுன்னு காட்டிக் குடுத்திரும்.

கரண்டு விசயம் ஒண்ணு. உன் 500 வாட்டு முழு மூச்சுல கத்தினா 50 ஆம்பியர் பக்கம் இழுக்கும். காரோட ரெண்டு ஹெட்லைட்டும் சேந்தே ஒம்பது ஆம்பியர்தான் கேக்கும். அதனால கனத்த வயரா இழு. பேட்டரியிலேர்ந்து ஒரு முழத்துக்குள்ள ஃபியூஸ் வை. வயர் எங்கயாவது உரசினா ஃபியூஸ் போகணும், கார் போகக் கூடாது.

உன்னை எதுக்கு மெச்சினேன்னு கேக்கலியே? டிக்கித் தரை காலியாக் கிடக்கும்னு சொன்னேன்லா. ஞாயித்துக்கிழமை சந்தைக்கு நாலு மூட்டை கருவாடு போகணும், பஸ்ஸுல ஏத்த மாட்டேங்கான். சதுரப் பெட்டி வச்சா ரெண்டு மூட்டைகூட கொள்ளாது. வாடை வருமேன்னு யோசிக்காத, உன் ரெசின் வாடைக்கு முன்னால கருவாடு சந்தனம். விடிகாலை நாலரைக்கு மூட்டையோட வாசல்ல நிப்பேன். போற வழி பூராப் பாட்டுப் போடலாம்னு கனவு காணாத. ராத்திரி 10 மணியிலேர்ந்து காலம்பற 6 மணி வரைக்கும் பொது இடத்துல ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000-த்துலயே சட்டம் போட்டாச்சு. நமக்கு அஞ்சே முக்காலுக்கெல்லாம் சந்தை வந்திரும்.