மலைக்குரிய பாதரட்சை நிர்ணயம்

எந்தச் சாஸ்திரத்தையும் தொடங்குமுன் அதற்கு அதிகாரி யார், விஷயம் யாது, பிரயோஜனம் என்ன, சம்பந்தம் எத்தகையது என்னும் நான்கையும் நிச்சயித்துக்கொள்ள வேண்டும் என்பது பெரியோர் வகுத்த மரபாதலின், அம்மரபை மீறத் துணியாத நாமும், இந்த ஆராய்ச்சிக்கு அதிகாரி இரண்டு கால்களும் எப்போதேனும் ஒரு மலை ஏறிப் பார்க்கலாமே என்னும் சபலமும் உடைய எவரும் என்றும், விஷயம் அவர் காலில் அணியத் தக்கது எது என்பதே என்றும், பிரயோஜனம் அவர் மறுநாள் காரியாலயத்திற்கு நொண்டாமல் போய்ச் சேர்வதே என்றும் முதற்கண் கூறி வைக்கிறோம். சம்பந்தமாவது பாதத்திற்கும் செருப்புக்கும் உள்ளது. அது பெண் பார்த்த அன்று ஒரு விதமாகவும், குடித்தனம் தொடங்கிய பின் வேறு விதமாகவும் தோன்றும் இயல்பினது.

முன்னோர் நூல்களைத் துருவிப் பார்த்தால் பாதுகையின் மகிமையைப் பற்றிய செய்திக்குக் குறைவே இல்லை. அதன் அளவைப் பற்றித்தான் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வேதாந்த தேசிகர் அரங்கநாதனுடைய பாதுகைகளின் மேல் 1008 சுலோகங்கள் அருளினார். பாதுகை எழுப்பும் நாதத்திற்கு ஒரு பகுதி, அதில் இழைத்த இரத்தினங்களுக்குச் சில பகுதிகள் என்று விரியும் அந்த நூலில், ஏழாம் எண் காலுக்கு எட்டாம் எண் வாங்கலாமா என்று தேடப் புகுவது தேடுபவருடைய பேதைமையே அன்றி நூலின் குறையாகாது. சித்திரகூட மலையிலிருந்து பாதுகைகளோடு திரும்பிய பரதனைச் சான்றுக்கு அழைக்கலாமென்றால், அவன் அவற்றைத் தலையில் தாங்கிச் சென்றவன். தலையில் தாங்குகிறவனுக்கு எந்த அளவும் பொருந்தும்.

தமிழ் நூல்கள் இவ்விஷயத்தில் சற்றுக் கைகொடுக்கின்றன. பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடையன் தோற்செருப்பு அணிந்து அணிந்து வடுப்பட்ட வலிய பாதத்தை உடையவனாகக் காட்டப்படுகிறான். உரையாசிரியர்கள் இதை அவனுடைய உழைப்புக்கு அடையாளமாகக் கொண்டு மேலே போய்விடுவார்கள். நாமோ, செருப்புக்கடிக்கு நம் இலக்கியத்தில் கிடைக்கும் மிகத் தொன்மையான சாட்சியங்களுள் ஒன்றாக இதனைக் கொண்டு, அவ்விடையனுக்கு அந்தச் செருப்பை விற்றவன் என்ன சொல்லி விற்றிருப்பான் என்று சிந்திக்கிறோம். காளத்தி மலையில் கண்ணப்பர் செருப்புக் காலோடே ஏறினார் என்பதையும், இறைவன் திருமுடியில் இருந்த மலர்களை அச்செருப்பாலேயே ஒதுக்கினார் என்பதையும் சேக்கிழார் மறைக்கவில்லை. வேடர்கள் நாள்தோறும் மலையில் திரிகிறவர்கள். அவர்களே செருப்பில்லாமல் ஏறவில்லை என்பது இங்கே குறித்துக்கொள்ளத் தக்கது.

ஏனெனில் முதலில் நம்மை எதிர்ப்பவர்கள் வெறுங்காற் பட்சத்தார். பாதத்தில் 26 எலும்புகளை அடுக்கி அனுப்பிய இறைவன், அடியில் ஒரு தோலும் தைத்து அனுப்ப வேண்டுமென்று நினைத்திருந்தால் அதற்கு அவனுக்கு என்ன பஞ்சம் வந்தது என்பது அவர்கள் கேள்வி. அவர்களுடைய திருஷ்டாந்தம் கோயம்புத்தூரை அடுத்த வெள்ளியங்கிரி. மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் பூண்டி அடிவாரத்தில் இரவு வேளையில் நின்று பார்ப்போருக்கு, ஏழு மலைகளைக் கடந்து உச்சிச் சுயம்புவைத் தரிசிக்கச் செல்லும் ஜனங்களில் பெரும்பாலோர் செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு, தோளில் ஒரு பையும் கையில் ஒரு மூங்கில் தடியுமாகப் புறப்படுவது தெரியும். வெள்ளை விநாயகர் கோயில் வரையில் செங்குத்தாக நிற்கும் முதல் மலையின் படிகளில், புத்தம் புதிய பூட்ஸ் அணிந்த இளைஞன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவனுடைய பாட்டி வயதுள்ள ஓர் அம்மாள் புடைவையைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு, பித்தவெடிப்புப் பாதங்கள் கல்லில் பதிய, "உக்காந்தா கால் புடிச்சுக்கும் கண்ணு, எந்திரிச்சு நட" என்று உபதேசித்துக் கடந்து போவாள். இது பிரத்தியட்சப் பிரமாணம். இதை மறுக்க இயலாது.

மறுக்க இயலாதாயினும் விளக்க இயலும். அந்த அம்மாளின் பாதம் அறுபது வருஷமாக வரப்பிலும் களத்துமேட்டிலும் பாடம் கேட்ட பாதம். அதன் அடித்தோல் எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைப்பதன்று. மொசைக் தரையில் பிறந்து, அதுவும் ஜில்லென்று இருக்கிறதென்று வீட்டுக்குள்ளும் ஒரு செருப்பு வைத்துக்கொண்டிருக்கும் பாதம், ஓர் இரவில் அந்தப் பரம்பரையில் சேர விண்ணப்பித்தால் மலை அதை ஏற்பதில்லை. இறைவனுக்கென்று நேர்ந்துகொண்டு வெறுங்காலோடு வருவோரிடம் ஆராய்ச்சி குறுக்கிடாது. சிக்கனத்தை உத்தேசித்து வருவோரிடம்தான் இவ்வளவும் பேச வேண்டியிருக்கிறது.

அடுத்தவர் ரப்பர் செருப்புப் பட்சத்தார். ஹவாய்ச் செருப்பானது விலை குறைந்தது, நனைந்தால் கெடாதது, வார் கழன்றால் ஓர் ஊக்கைக் குத்திச் சமாளிக்கத் தக்கது என்று அவர்கள் அடுக்கும் குணங்கள் எல்லாம் உண்மையே. ஏறும்போது அதன்மேல் நாமும் பெரிய குற்றம் காணவில்லை. இறங்கும்போதுதான் அதன் சுயரூபம் வெளிப்படுகிறது. சரிவில் பாதம் முன்னோக்கி வழுக்க வழுக்க, உடலின் பாரம் முழுவதையும் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் உள்ள அந்த மெல்லிய சதையில் வாரானது வாங்கிக்கொள்கிறது. வியர்வையும் மண்ணும் சேர்ந்து அவ்விடத்தை அரைக்கின்றன. குதிகால் செருப்பை விட்டு வெளியே வந்து பக்கத்துக் கல்லில் ஊன்றப் பார்க்கிறது. ஒரு கட்டத்தில் இரண்டு செருப்புகளையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவரும் முதற் பட்சத்தில் சேர்ந்துவிடுகிறார். பழைய டயரை அறுத்துத் தைத்த செருப்பு இவ்வகையில் எவ்வளவோ மேல். முள்ளுக்கு அது அஞ்சாது. ஆனால் அது காலுக்கும் அஞ்சாது.

மூன்றாவதான பூட்ஸ் பட்சத்தார் பெரும்பாலும் புதிதாக மதம் மாறியவர்கள். ஆகவே ஆவேசம் அதிகம். கணுக்காலை மூடி, நீர் புகாமல், அடியில் ஆழமான பற்கள் வைத்த கனத்த பூட்ஸ் இன்றி மலையில் கால் வைப்பது அபசாரம் என்பார்கள். இவர்கள் கட்சிக்கு வலுவான சரித்திரம் இருக்கிறது. 1935-ஆம் ஆண்டில் இத்தாலிய ஆல்ப்ஸ் மலையில் ஆறு பேர் மாண்டபோது, அவர்கள் அணிந்திருந்த காலணியின் போதாமையும் அதற்கு ஒரு காரணம் என்று கருதிய அவர்களுடைய தோழர் விடாலே பிரமானி என்பவர், அக்காலத்தில் வழக்கில் இருந்த ஆணியடித்த தோலடிக்குப் பதிலாகப் பற்கள் வார்த்த ரப்பர் அடியை உண்டாக்கி, 1937-இல் அதற்கு உரிமையும் பெற்றார். 1954-இல் கே2 சிகரத்தை முதன்முதலாக ஏறிய இத்தாலியர் அவ்வகை அடி வைத்த பூட்ஸையே அணிந்திருந்தனர். இன்று கடையில் தலைகீழாகத் திருப்பிக் காட்டப்படும் பல் வைத்த அடிகளுக்கெல்லாம் மூலபுருஷர் அவர்தாம்.

ஆயின் பூட்ஸ் பட்சத்தார் எல்லாத் தேசத்துக்கும் எல்லாக் காலத்துக்கும் ஒரே விதியை வகுப்பதை நாம் ஒப்பவில்லை. சேற்றில் ஊன்றுவதற்கு ஆழமான பல் உதவும். நீர் கசியும் வழவழப்பான பாறையில் உதவுவது பல்லன்று, ரப்பரின் மென்மை. காலில் ஏறும் ஒரு ராத்தல் முதுகில் ஏறும் ஐந்து ராத்தலுக்குச் சமம் என்று மலையேறுவோரிடையே ஒரு கணக்கு வழங்குகிறது. முதுகுச் சுமை ஒரே உயரத்தில் கூட வருவது, காற்சுமையையோ ஒவ்வோர் அடிக்கும் புதிதாகத் தூக்க வேண்டும் என்பதை யோசித்தால் அது நியாயமாகவே படுகிறது. இன்னும் ஒரு திருஷ்டாந்தம்: எம்மா கேட்வுட் என்னும் அமெரிக்க மூதாட்டி, பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த பின், 1955-இல் தம் 67-ஆம் வயதில், 2,000 மைலுக்கு மேற்பட்ட அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும் தனியே நடந்து முடித்தார், காலில் இருந்தது சாதாரணக் கான்வாஸ் ஷூ. ஒன்று தேய்ந்தால் இன்னொன்று வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

இரவில் படுக்கும்போது பூட்ஸைக் கழற்றலாமா என்னும் உபகேள்வியையும் இவ்விடத்திலேயே தீர்த்துவிடுவோம். 1953 மே 29 அன்று எவரெஸ்டின் கடைசிக் கூடாரத்தில், கழற்றி வைத்திருந்த பூட்ஸ் கல்லாய் உறைந்துபோகவே, ஹில்லாரி அவற்றை அடுப்பில் காட்டி இளக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. டென்சிங் கழற்றாமலே படுத்திருந்தார். இந்தச் சான்று பூண்டி அடிவாரத்திற்குப் பொருந்தாது. அங்கே கழற்றிவிட்டே படுக்கலாம். பக்கத்தில் படுப்பவர்களும் அதையே விரும்புவர்.

பூர்வபட்சங்கள் இவ்வாறிருக்க, நம்முடைய சித்தாந்தம் யாதெனில்: மலைக்குரிய காலணியை ஏறுவதற்காக வாங்கலாகாது, இறங்குவதற்காக வாங்க வேண்டும். ஏறுவது விருப்பத்தைச் சார்ந்தது. நான்காம் மலையில் மூச்சு வாங்கினால் போதுமென்று திரும்பிவிடலாம், யாரும் வழக்குத் தொடுக்கமாட்டார்கள். இறங்குவதோ அப்படிப்பட்டதன்று, பாதியில் அதை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக வழியில்லை. ஏறும்போது குதிகால் உரசிக் கொப்புளம் காண்பதுண்டாயினும், அது முதற் படிகளிலேயே தன் வருகையை அறிவித்துவிடுவதால் உட்கார்ந்து பரிகாரம் செய்ய இடமுண்டு. இறங்கும்போது தொடைத் தசைகள் பாரத்தைத் தாங்கியபடியே நீண்டு நீண்டு ஓய்ந்துபோக, கால் பொத்துப்பொத்தென்று விழ, விழும் ஒவ்வொரு முறையும் பாதம் ஷூவுக்குள் முன்னேறி விரல் நுனிகள் முகப்பில் மோத, அடிவாரம் வருவதற்குள் பெருவிரல் நகம் கறுத்து நிற்கும். அந்த நகம் விழுந்து புது நகம் முளைக்கப் பல மாதங்கள் ஆகும். ஆறு கிலோமீட்டர் அளவுள்ள ஒரு பாதைக்கு இது அதிக வரி.

இச்சித்தாந்தத்தைக் கடையில் பிரயோகிப்பது எங்ஙனம் என்பதே கடினமான பகுதி. ஏனெனில் உலகத்துச் செருப்புக் கடைகள் யாவும் சமதளத்தில் தரை போட்டவை. வாங்குபவர் கம்பளத்தின் மேல் நான்கு அடி நடக்கிறார், குனிந்து கண்ணாடியில் பாதத்தைப் பார்க்கிறார், தம் முகத்தைப் பார்ப்பது போலவே திருப்தி அடைகிறார். இறுக்கமாக இருக்கிறதே என்றால், "போடப் போட லூஸாயிடும் சார்" என்கிறார் கடைப்பையன். தளர்வாக இருக்கிறதே என்றால், அதே பையன், அதே முகபாவத்தோடு, "போடப் போட செட்டாயிடும் சார்" என்கிறார். ஆப்த வாக்கியம் முரண்படுமிடத்தில் அனுமானத்தைத் துணைக் கொள்வதே முறை: தோல் அகலத்தில் சற்றே நெகிழும், நீளத்தில் நெகிழாது, செயற்கை இழையோ இரண்டிலும் பெரிதாக நெகிழ்வதில்லை.

ஆதலால் கடைக்கு மாலையில் போக வேண்டும். பகலெல்லாம் நின்ற பாதம் வீங்கியிருக்கும், மலையிலும் அது வீங்கியே இருக்கும். அடிவாரத்தில் கழற்றிப் போட்ட செருப்பு, இறங்கி வந்த பின் அதே காலில் நுழைய மறுப்பதைக் கண்டவர்கள் இதை ஐயுற மாட்டார்கள். மலையில் அணியப்போகும் காலுறையையே அணிந்து போக வேண்டும். இரண்டு பாதங்களும் ஒரே அளவாக இருப்பது அபூர்வமாகையால் பெரியதற்கே முன்னுரிமை தர வேண்டும். கயிற்றைக் கட்டாமல் விரல்கள் முகப்பில் முட்டும் வரை காலை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னே ஆட்காட்டி விரல் நுழைய இடம் வேண்டும். பின்பு மேற்பாதத்தில் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கடைவாசலில் ஸ்கூட்டர் ஏற்றுவதற்கென்று சிமெண்டால் சரிவாகப் பூசி வைத்திருக்கிறார்களே, அதில் மேலிருந்து கீழாக நான்கைந்து முறை ஊன்றி ஊன்றி இறங்க வேண்டும். விரல் முட்டினால் அந்த ஜோடி ஆகாது. பணம் கொடாத ஷூவோடு வாசலைத் தாண்டும் வாடிக்கையாளரைப் பார்த்து முதலாளி கல்லாவை விட்டு எழுந்து நிற்பது சகஜம், எழுந்து நிற்கட்டும்.

வாங்கியதை அலமாரியில் வைத்துப் பூஜிப்பதும் தவறு. இக்காலத்து ஷூக்கள் பலவற்றின் நடு அடி பாலியூரித்தேன் என்னும் பொருளாலானது. காற்றின் ஈரத்தை ஏற்று, அணிந்தாலும் அணியாவிட்டாலும் சில வருஷங்களில் அது உள்ளுக்குள்ளேயே உதிரத் தொடங்கும். பார்வைக்குப் புதிதாக இருக்கும் ஜோடி, பாதி மலையில் முன்னறிவிப்பின்றி வாயைப் பிளப்பதன் இரகசியம் இதுவே. காலுறையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், ஈரமான தோல் எளிதில் கொப்புளிக்கும், கம்பளி நூல் நம் ஊர் வெயிலுக்கு விபரீதமாகத் தோன்றினாலும் மெல்லியதாக இருப்பின் அதுவே நன்று. மழைக்காலத்தில் வால்பாறைப் பக்கம் போகிறவர்கள் முழங்கால் வரை நெருக்கமாக நெய்த அட்டையுறை அணிய வேண்டும். எந்த விலை ஷூவும் அட்டைக்கு ஒரு தடையல்ல. கயிறு கோக்கும் துளைகளையே வாசலாகக் கொண்டு அது உள்ளே போய்விடும்.

எஞ்சியது மூங்கில் தடி. இறங்கும்போது முழங்காலின் பாரத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்வதால், அதையும் பாதரட்சை வர்க்கத்திலேயே சேர்க்க வேண்டுமென்பது நம் கட்சி. பூண்டியில் அதை வாங்குகிறவர்கள் ஒருவரும் கம்பளத்தில் நடந்து பார்ப்பதில்லை. கட்டிலிருந்து ஒன்றை உருவி, சரிவான இடமாகப் பார்த்து நாலு தரம் ஓங்கி ஊன்றுகிறார்கள். வளைந்தால் கீழே போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறார்கள். தடிக்காரரும் அதற்காக எழுந்து நிற்பதில்லை.