ஊருக்கொரு தினக்கவி

மட்டக்களப்பிலிருந்து கல்முனை போகும் பஸ் காத்தான்குடியைத் தாண்டினால் ஆரையம்பதி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இடையில் கிடக்கும் மணலில் நன்றாக விளைவது இரண்டு: தென்னையும் கவிஞரும். தென்னைக்குக் கணக்கு இருக்கிறது. கவிஞர்களை எண்ண யாரும் துணிந்ததில்லை. எண்ணப் போகிறவரும் எழுதத் தொடங்கிவிடுவார் என்ற பயம்தான்.

‘மலர்’ இதழ் நடத்திய அன்புமணி இந்த ஊர்க்காரர். ஆரையூர் இளவல் பெயரிலேயே ஊரைச் சுமந்தவர். அவர்களைப் பற்றி எழுத ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது, எந்த ஆய்விலும் அகப்படாமல் குறிச்சிக்கு ஒருவராவது உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் தினக்கவியைப் பற்றி.

பெரும்பாலும் இளைப்பாறிய ஆசிரியர். வெள்ளைச் சாறன், சட்டைப் பையில் இரண்டு பேனை. ஒன்று தீர்ந்து கவிதை பாதியில் நின்றுவிட்டால் தமிழ் என்ன ஆகும்? படலையில் ஒரு பலகை தொங்கும்: ‘கவிஞர், கலாபூஷணம், சமாதான நீதிவான்’. பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியை உறுதிப்படுத்த வருகிறவன், கையொப்பத்துக்கு முன் ஒரு விருத்தம் கேட்க வேண்டும். அவசரக்காரர்கள் காத்தான்குடியில் வேறு சமாதான நீதிவானைத் தேடிப் போகிறார்கள்.

ஊர் வழக்கப்படி வீடு மகளுக்குச் சீதனமாகப் போய்விட்டது. அவர் எழுதிக் கொடுத்ததில் மருமகன் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை கவனமாகப் படித்தது அந்த உறுதி ஒன்றைத்தான். இப்போது தினக்கவியின் ராஜ்ஜியம் முன் விறாந்தை. ஒரு சாய்மனைக் கதிரை, ஒரு சீ.ஆர். கொப்பி, ஒரு பிளேன்டி. கோழி கூவுமுன் எழும்பி, திகதி போட்டு, பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பிப்பார். நுளம்பு கடித்தால் நுளம்புக்கு ஒரு பாட்டு. கரண்ட் போனால் இருளுக்கு ஒன்று, வந்தால் ஒளிக்கு ஒன்று.

“சேர், ஒரு நாளைக்காவது எழுதாம விட்டா என்ன?” என்று கேட்டுப் பாருங்கள்.

“நீ பல்லு விளக்காம ஒருநாள் விடுவியா மனே? எழுதின நாளையில சோறு ருசியா இருக்கு. எழுதாட்டி அண்டைக்குக் கறியில உப்பு இல்ல, புளி இல்ல.”

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வரும்: “அதுக்காகத்தானே விடியமுன்னமே கொப்பியத் தேடி எடுத்துக் குடுக்கிறன்.”

இந்த வியாதி அவரைச் சின்ன வயதிலேயே பிடித்துவிட்டது. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டைப் படிக்காமல் அவர் காலத்துப் பிள்ளைகள் சின்ன வகுப்பைத் தாண்டியதில்லை. அவர் வீட்டில் ஆடிக்கூழ் காய்ச்சியதே இல்லை. ஆனாலும் அந்தப் பாட்டைச் சொன்னால் இன்றும் வாயூறும். செய்யுளைப் பாடமாக்காத பிள்ளை வெயிலில் நிற்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். வைகாசி வந்தால் கண்ணகை அம்மன் கோயிலில் கண்ணகி வழக்குரை படிப்பார்கள். அம்மாவின் மடியில் தூங்கியும் விழித்தும் கேட்டு, கடைசி நாள் குளிர்த்திப் பாடலுக்குத் துள்ளி எழும்பிய பிள்ளை அவர். வசந்தன் ஆடிய பெடியன்களோடு கோல் பிடித்ததும் உண்டு. எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகுமுன்பே காதில் சந்தம் குடியேறிவிட்டது.

ஐந்தாம் வகுப்பில் வாத்தியாரின் பூவரசங் கம்பைப் பழித்து முதல் கவிதை எழுதினார். கவிதை பிடிபட்டது. வாத்தியார் படித்துப் பார்த்து அடித்தார். அடித்தது கம்பைப் பழித்ததற்கல்ல, எதுகை பிழைத்ததற்கு. அன்றிலிருந்து அவருக்கு எதுகை பிழைத்ததே இல்லை. பொருள் அடிக்கடி பிழைக்கும். அதற்கு இதுவரை யாரும் அடிக்கவில்லை.

அவருடைய குலதெய்வங்கள் இரண்டு. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் ஒன்று. யாழ் நூலுக்காகப் பதினான்கு ஆண்டுகள் உழைத்து, 1947இல் அதை வெளியிட்டு, அடுத்த மாதமே கண்மூடியவர். “எனக்குப் பதினாலு நிமிசம் போதும்” என்று நம்மவர் அடக்கத்தோடு சொல்வார். மற்றவர் மண்டூரில் பிறந்த புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை. பகவத்கீதையை வெண்பாவில் தந்தவர். அந்த மரபு அறுந்துவிடக் கூடாதென்று நம்மவர் மின்சாரப் பட்டியலை வெண்பாவில் தந்திருக்கிறார். வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றாக முடிய வேண்டும் என்பது விதி. நம்மவர் வாழ்க்கையில் நாள்தோறும் கவிதை உண்டு, விழா மலர் உண்டு, பிறந்தநாள் வாழ்த்து உண்டு. காசு மட்டும் இலக்கணத்தோடு நின்றுவிட்டது.

வாசகர் பஞ்சம் அவருக்கு நிரந்தரம். “சேர், மறுகா வாறன்” என்று சொல்லாமல் அவர் படலையைக் கடந்தவர்கள் குறைவு. வட்சப் வந்தபோது விடிவு பிறந்ததென்று நினைத்தார். சுவிஸிலும் கனடாவிலும் இருக்கும் சொந்தக்காரருக்கெல்லாம் விடியற்காலையில் ஒரு கவிதை போகும். நீண்ட அகவலுக்குக் கண்மூடித் திறக்குமுன் ஒரு கட்டைவிரல் திரும்பி வரும். இவ்வளவு வேகமாகப் படிக்கிறார்களே, பிள்ளைகளுக்கு நல்ல படிப்பு என்று அவர் பெருமைப்படுவார்.

உண்மையான ரசிகர்கள் கிடைத்தது 2022இல். பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை. வரிசையை விட்டுப் போனால் இடம் போய்விடும், நின்றால் கவிதை. எல்லாரும் நின்றார்கள். தலைக்கு மேலே வெயில், முன்னால் மூடிய பம்பு, பக்கத்தில் நம்மவர். யூலைக்குப் பிறகு கியூ.ஆர். முறை வந்து வரிசை கரைந்தபோது நாடே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அவர் மட்டும் அன்று சரமகவி எழுதினார்.

அதற்கு முன்னும் ஒருமுறை அவர் கவிதைகள் பரவலாகப் போய்ச் சேர்ந்ததுண்டு. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மாவட்டத்துத் தென்னைகளை முறித்து, கூரைகளைக் கிளப்பியபோது, இளமைக்காலக் கொப்பிகளையும் தூக்கிக்கொண்டு போனது. எந்தப் பத்திரிகையும் ஏற்காத கவிதைகளை அந்தக் காற்று ஒரே இரவில் நாலு ஊருக்கும் விநியோகித்தது. கவலைப்பட்டாரா? அடுத்த நாள் புதுக் கொப்பி கிடைக்கவில்லை என்றுதான் கவலைப்பட்டார். சீமெந்துப் பையைக் கிழித்து அதன் உள்பக்கத்தில் எழுதினார்.

புத்தக வெளியீடு இன்னொரு கூத்து. தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, நயவுரை, ஏற்புரை. நயவுரைக்காரர் புத்தகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நயப்பார். வந்தவர்கள் என்வலப்பைக் கொடுத்துப் புத்தகத்தை வாங்கி, நெஞ்சோடு அணைத்துப் படம் எடுத்து, வீட்டில் அலுமாரிக்கு மேலே வைத்துவிடுவார்கள். அடுத்த மாதம் அவர்களில் ஒருவர் புத்தகம் வெளியிடுவார். அதே தொகை, அதே என்வலப்பில் திரும்பிப் போகும்.

இப்படிச் சிரிக்கிற ஊர் ஒருநாள் மட்டும் சிரிக்காது. சாவு விழுந்த வீட்டார் 31ஆம் நாள் நினைவு மலருக்காக அவர் விறாந்தைக்கு வருவார்கள். அன்று யாருக்கும் “மறுகா” என்ற சொல் வராது. அவர் முதலில் கேட்பது இறந்தவரின் ஆண்டு, மாதம், பட்சம், திதி. நான்கையும் பெயரோடு சேர்த்துத் தளை தட்டாமல் நாலடிக்குள் அடக்க வேண்டும். அதுதான் திதி வெண்பா. அதன்பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல். கனடா மருமகனின் புலம்பல் சுவிஸ் மருமகனின் புலம்பலைவிட இரண்டு வரி குறைந்துவிட்டதென்று நடுச்சாமத்தில் போன் வரும். நம்மவர் முகம் சுளிக்காமல் இரண்டு வரி கூட்டிப் புலம்புவார்.

அந்த மலரில் ஒரு இடம் வரும். இறந்தவர் தோணியில் போகும்போது தனக்குள் பாடிக்கொண்டு போவார், பேரப்பிள்ளைக்கு மட்டும், யாருக்கும் தெரியாமல், தேத்தண்ணியில் ஒரு கரண்டி சீனி கூடப் போடுவார் என்பது போல ஒரு வரி. அதைப் படித்ததும் வீட்டுப் பெண்கள் மலரை மூடிவிட்டு அழுவார்கள். அந்த வரி சும்மா வந்ததல்ல. நுளம்பையும் கரண்டையும் மின்சாரப் பட்டியலையும் நாள் தவறாமல் எழுதிய கைக்குத்தான் அது வரும். பிறந்தால் தாலாட்டு, விளையாடினால் வசந்தன், தெய்வத்துக்குக் குளிர்த்தி, செத்தால் வெண்பா என்று பாட்டோடு வாழ்ந்த கரை இது. கேட்பாரில்லாத காலத்திலும் கடையைத் திறந்து வைத்திருப்பவர் தினக்கவி ஒருவர்தான்.

ஆகையால் வாசகருக்கு ஒரு வார்த்தை. உங்கள் குறிச்சித் தினக்கவி படலையில் நின்று கூப்பிட்டால், ஒரு பிளேன்டி குடிக்கும் நேரமாவது இருந்து கேளுங்கள். முடிந்தால் நன்றாயிருக்கிறது என்று சொல்லுங்கள். உங்களுடைய திதி வெண்பாவையும் அவர்தான் எழுதப் போகிறார். அதில் பிழை பார்த்துத் திருத்த நீங்கள் இருக்கமாட்டீர்கள்.