குட்டை மரமும் குளிர்காலமும்: கம்பளியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

பாலக்காட்டில் முந்நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கி, மூணாறுக்கு மேலே ஓர் எஸ்டேட் லயத்தின் திண்ணையில் கொண்டுபோய் வைக்கப்பட்ட ஆலம் போன்சாய் ஒன்றே இவ்வாய்வின் முதன்மைத் தரவு. உயரம் ஒன்றரைச் சாண். துணைமைத் தரவு, அவ்வீட்டில் குடியிருக்கும் என் அத்தை. உயரம் அளக்கப்படவில்லை, அளவுநாடாவைக் கண்டதும் தரவு சினந்து அடுப்படிக்குள் போய்விட்டது.

2. முன்னாய்வுகளும் அவற்றின் போதாமையும்

குறுமரங்களைக் குளிருக்கு ஆயத்தப்படுத்துவது பற்றிய நூல்கள் பெரும்பாலும் பனி கொட்டும் நாட்டவர் எழுதியவை. தொட்டியோடு மண்ணில் புதை, வேர்மேல் சருகு பரப்பு, காற்றுக்கு மறைவு கட்டு என்பார்கள். மேப்பிளுக்கும் ஜூனிப்பருக்கும் அது சரி. குளிரில் உறங்கினால்தான் அவை வசந்தத்தில் ஒழுங்காகத் துளிர்க்கும். கிளை தாங்கும் குளிரை வேர் தாங்காது. தரையில் நிற்கும் மரத்தின் வேருக்குப் பூமியே போர்வை, தொட்டி மரத்துக்கோ நாலு விரல் மண்தான். வெப்ப நாடுகளில் அவற்றை உறங்கவைக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பவர்களும் உண்டு.

இம்முறையை நானும் முன்மொழிந்தேன். "ஏய்யா, அது ஆலமரம்யா. அதுக்கு எதுக்கு ஃப்ரிட்ஜு? மீனை எங்க வைக்க?" என்பது எதிர்வாதம் (அத்தை, நேர்ப்பேச்சு, காலை 7 மணி).

ஆல் வெப்பமண்டல மரம். அதற்குக் குளிர்கால உறக்கம் தேவையில்லை. 10 டிகிரிக்குக் கீழே போனால் நலிந்துவிடும். ஆக, அத்தை சொன்னது சரி. ஆனால் நூல் எதையும் மேற்கோள் காட்டாமல் சரியாகச் சொல்வது ஆய்வு நெறிக்குப் புறம்பானது.

3. பெயராய்வு

'போன்சாய்' என்பது 'பொன்சாய்' என்பதன் திரிபே. பொன்னின் விலை சொல்ல, கேட்டவர் சாய்வதால் வந்த காரணப்பெயர். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டென்று வாதிட்ட ஓனோ சுசுமுவைத் துணைக்கு அழைக்கக் கை துறுதுறுக்கிறது. ஆனால் அச்சொல் ஜப்பானியருக்கே சொந்தமில்லை; தட்டில் நட்ட செடி என்ற பொருளில் சீனத்திலிருந்து போனது. இது தெரிந்துவிட்டது என்பதற்காகப் பெயராய்வைக் கைவிடுவது நம் மரபன்று. ஆகவே 'பொன்சாய்' அப்படியே நிற்கிறது.

'வாமன விருட்சம்' என்பாரும் உளர். மாவேலிக்குப் பூக்களம் போடும் ஊரில் வாமனன் பெயர் சொல்லிச் செடி விற்க முடியுமா என்பது தனி ஆய்வேட்டுக்கு உரியது.

4. குளிரின் வகைப்பாடு

4.1. பாலக்காடு: இல்லை.

4.1.1. திருத்தம்: குளிர் இல்லை, காற்று உண்டு. டிசம்பரில் கணவாய் வழியே வரும் கிழக்குக் காற்று தொட்டி மண்ணை ஒரே பகலில் அப்பளமாக்கிவிடும். அங்கே குளிர்கால ஆயத்தம் என்பது ஒரு சுவரும் ஒரு சொம்புத் தண்ணீரும்.

4.2. மறையூர்: மழைமறைவுப் பகுதி. வெல்லம் காய்ச்சும் கொட்டகையோரம் உட்கார்ந்தால் ஆய்வாளருக்குக் குளிராது.

4.3. மூணாறு: மேகமும் காற்றும் இல்லாத ஜனவரி இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் செண்டுவாரைப் பக்கம் ஓடையோரத் தேயிலை வெள்ளை பூத்திருக்க, மேட்டுத் தேயிலை தப்பி நிற்கும். விடிந்ததும் சுற்றுலாக்காரர்கள் வெள்ளையைப் படம் எடுப்பார்கள். வெயில் ஏறியபின் இலை கருகும்; அதைப் படம் எடுக்க யாரும் இருப்பதில்லை.

5. கம்பளிப் பிரச்சினை

துறையின் மையச் சிக்கல் இதுவே. மரத்துக்குக் கம்பளி போர்த்தலாமா?

போர்த்தலாம் என்பது முதல் தரப்பு (நான்). மேலே ஒரு மறைப்பு இருந்தால் தரைச்சூடு சட்டென்று வெளியேறாது. மாலையில் மண்ணை நனைத்து வைப்பதும் நல்லது. ஈரமண் பகல் வெப்பத்தைச் சேர்த்துவைத்து இரவில் விடும். எனவே ஒரு சனிக்கிழமை இரவு அத்தையின் கம்பளி ஆய்வுத் தேவைக்காகப் பெறப்பட்டது. பெற்றபோது அத்தை உறங்கிக்கொண்டிருந்ததால் ஒப்புதல் படிவம் நிரப்பப்படவில்லை.

காலையில் கம்பளி பனியில் ஊறி, நனைந்த எருமைபோல் மரத்தின்மேல் படுத்திருந்தது. இடப்பக்கத் தலைக்கிளை முறிந்திருந்தது. ஆய்வேட்டில் செடி செத்தால் அதற்குப் பெயர் முடிவு; வீட்டில் செத்தால் குப்பை.

"போத்துற துணி இலையில படலாமாய்யா? நாலு குச்சி நட்டு மேல போடணும். வெயில் வந்ததும் எடுத்துறணும். சின்னத் தேயிலைக் கன்னுக்கு நாங்க பெரணித் தழை வெச்சு மூடினதெல்லாம் நீ பாக்கலையா?" (அத்தை, அடுப்படி உரைகள், இரண்டாம் தோசை, கரிந்த ஓரம்). இவ்விடத்தில் பாடபேதம் உண்டு. பக்கத்து வீட்டு மதினி 'நாலு குச்சி' என்பதை 'மூணு குச்சி' என்கிறார் (மதினி, குழாயடிக் குறிப்புரை, நான்காம் குடம் நிரம்பும் முன்). இருவர் முரண்பட்டால் மூன்றாமவருக்கு முனைவர் பட்டம் என்பது கல்விப்புல வழக்கம். எனவே மூன்றரைக் குச்சி என்பது என் துணிபு.

சட்டநூல்களும் ஆராயப்பட்டன. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு முதலியவற்றை முதலாளி தர மாநில அரசு விதி செய்யலாம் என்றது. தொழிலாளிக்குத்தான். போன்சாய் பற்றி மூச்சு இல்லை.

6. பின்னிணைப்பாக வந்திருக்க வேண்டிய ஒரு செய்தி

முறிந்த கிளையைக் கட்டிக்கொண்டிருந்தபோது போன்சாய் என்றால் என்னவென்று அத்தைக்கு விளக்கினேன். பெரிய மரத்தை வளரவிடாமல் வெட்டி வெட்டி, ஆயுசுக்கும் குட்டையாக வைக்கும் அரிய கலை என்றேன்.

அத்தை சன்னல் வழியே மலையைப் பார்த்தார். விட்டால் பத்து மீட்டருக்கு மேல் போகும் மரம் தேயிலை. 1880இல் ஷார்ப் என்ற வெள்ளைக்காரர் பார்வதி எஸ்டேட்டில் 50 ஏக்கரில் நட்டதிலிருந்து இந்த மலைகளில் அதை இடுப்புக்குமேல் போக யாரும் விட்டதில்லை.

"உங்க மாமா முப்பது வருஷம் கவாத்து வெட்டுனாரு. நான் மட்டம் பாத்துக் கொழுந்து எடுத்தேன். எங்களை யாரும் போன்சாய்க்காரங்கன்னு சொல்லலையே" (அத்தை, மேற்படி, தோசை எண் கிடைக்கவில்லை).

இக்கூற்று ஆய்வின் தலைப்புக்கு வெளியே இருப்பதால் விவாதிக்கப்படவில்லை.

7. முடிவுகள்

ஆல் இப்போது அடுப்படி மூலையில் இருக்கிறது. இடம் மாறியதில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. கொட்டுவது அதன் சுபாவம், துளிர்த்துவிடும். கம்பளி இன்னும் காயவில்லை. அந்தச் சனிக்கிழமை இரவு அத்தை எதைப் போர்த்திக்கொண்டு படுத்தார் என்பது ஆய்வு எல்லைக்குள் வராததால் குறித்துக்கொள்ளப்படவில்லை.